சொக்கியின் முட்டைகள்

நோயோடு பிறந்த பல்லியை எடுத்து வளர்க்கலாம், அதன் முட்டையைப் பொரிக்க விடக்கூடாது. தம்பி இங்கிலாந்தில் பல்லி வளர்க்கத் தொடங்கியதிலிருந்து யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லி வந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவளுக்கு இதில் குழப்பம் வர நியாயமில்லை. ஆட்சியான பரம்பரையலகு, அதாவது பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே வெளிப்படுகிற அலகு, பாதிக்குப் பாதி வாய்ப்பு, கரும்பலகையில் வாய்ப்பைக் கணக்கிடுகிற ஒரு சதுரம் போட்டால் முடிந்துபோகும் கணக்கு. ஆனால் அம்மா அந்தக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் எழும்பவில்லை.

தம்பி லெஸ்டரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறான். இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கத்திலிருந்து அப்படிப் போனவர்களின் விசா, ஏஜென்சி, கடன் கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். அவனுடைய வாடகை வீட்டில் நாய், பூனை கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற எதையும் வைத்துக்கொள்ளலாம். கூட வேலை செய்கிற ஒரு பெண் ஓய்வு நாட்களில் ஊர்வனவற்றுக்கான மீட்பகம் ஒன்றுக்கு உதவிக்குப் போவாளாம். அங்கே யாரும் எடுக்காமல் கிடந்த இரண்டு பெண் பல்லிகளை இவன் தலையில் கட்டிவிட்டாள். தலையில் கட்டிவிட்டாள் என்பது என்னுடைய பேச்சு. அவன் சொன்னது, "ரெண்டும் பாவம்க்கா."

லெப்பர்ட் கெக்கோ என்கிற சிறுத்தைப் பல்லி. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா என்று வறண்ட கல்லாந்தரைகளில் வாழ்கிற இனம். விரலடியில் ஒட்டும் பட்டை கிடையாது, அதனால் சுவரில் ஏறாது. தடித்த வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கவனமாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் இருக்கும். அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எங்கள் வீட்டில் பல்லி என்றால் நாம் பேசும்போது சுவர் மூலையிலிருந்து சத்தம் கொடுத்து, "பாத்தியா, உண்மைன்னு சொல்லுது" என்று அம்மாவைச் சொல்ல வைக்கிற ஜீவன். தலையில் விழுந்தால் மட்டும் எல்லோரும் ஓடுவோம். தம்பி போனைப் பெட்டிக்குள் நீட்டிக் காட்டியபோது அம்மா கண்டுபிடித்தது வேறொன்று. "ஏய், இது கண்ண மூடுது பாரு!" வீட்டுப் பல்லிக்கு இமை இல்லை, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கு இமை உண்டு. கண் சிமிட்டுகிற பல்லியை அம்மா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அன்றிரவே பெயர் வைத்துவிட்டார். வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி விழுந்தது மின்னி. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, மயங்கி நிற்கிற மாதிரி நின்றது சொக்கி.

அந்தச் சாய்வுதான் நோய். எனிக்மா என்பது அந்த நிறவகையின் பெயர், எனிக்மா சின்ட்ரோம் என்பது அதோடு கூடப் பிறக்கிற நரம்புக் கோளாறு. சொக்கி இரை எடுப்பதைப் பார்த்தால் விளங்கும். தம்பி இடுக்கியில் ஒரு சில்வண்டைப் பிடித்து அவள் முன்னால் காட்டுவான். அவளுக்கு இரை தெரிகிறது, உடம்பைத் தாழ்த்திக்கொள்கிறாள், வால் நுனி துடிக்கிறது. பாய்கிறாள். வாய் மூடுகிற இடத்தில் சில்வண்டு இல்லை, அதற்கு ஒரு விரற்கடை வலப்பக்கத்தில் வெறும் காற்றைக் கடிக்கிறாள். கடித்த வேகத்தில் உடம்பு இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கி, ஒரு வட்டம், இன்னொரு வட்டம், நிற்க முடியாமல் சுற்றிவிட்டு எங்கே தொடங்கினாளோ அங்கேயே வந்து நிற்பாள். சில நேரம் தொண்டை தெரிய அண்ணாந்து பெட்டியின் மூடியைப் பார்த்தபடியே இருப்பாள். ஒரு முறை மல்லாந்து விழுந்து உருளத் தொடங்கியதை அம்மா நேரலையில் பார்த்துவிட்டார். "வலிப்புடா அது, கையில இரும்பக் குடு, சாவியக் குடு!" என்று கத்தினார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லியின் உள்ளங்கை அரிசி மணியளவுதான் இருக்கும். ஆனால் அவனும் சும்மா இருக்கவில்லை. விளக்கை அணைத்தான், கையை எடுத்தான், அது தானாக நிற்கும்வரை காத்திருந்தான்.

இதற்கு மருந்து கிடையாது. அலைச்சலும் பதற்றமும் கோளாறைக் கூட்டும் என்பது வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது. ஆகவே, பார்த்துக்கொள்வது என்றால் பதற்றத்தைக் குறைப்பதுதான். தம்பி இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கிறான். தரையில் மணல் இல்லை, சமையலறைத் தாள். ஏறி விழக்கூடிய கல்லோ மரக்கிளையோ இல்லை. ஒரு பக்கம் அடியில் சூட்டுப் பாய், 32 பாகை அளவில். மறுபக்கம் குளிர்ச்சியான ஒளிவிடம். பிரகாசமான விளக்கு இல்லை. தண்ணீர்த் தட்டு மேலோட்டமானது, தலை கவிழ்ந்து விழுந்தாலும் மூழ்காத அளவு. வைத்த பொருளை இடம் மாற்றுவதில்லை. சில்வண்டைக் கல்சியம் தூளில் புரட்டி, இடுக்கியால் அவள் உதட்டுக்கே கொண்டுபோய்த் தொட்டுவிட்டு அசையாமல் பிடித்திருப்பான். அவளாக வாயைத் திறந்து எடுக்க வேண்டும். எங்கே கற்றாய் என்று கேட்டேன். "இதுல கத்துக்க என்ன இருக்குக்கா? கை நடுங்குறவங்களுக்கு கரண்டிய வாய்க்குள்ள திணிக்கக்கூடாது. உதட்டுல தொட்டுட்டு நிறுத்தணும். அவங்க வந்து எடுத்துக்குவாங்க." பகல் முழுதும் அவன் செய்கிற வேலை அது.

நிறத்துக்காக

சொக்கி ஏன் இப்படிப் பிறந்தாள் என்பதைப் பேசும்போதுதான் எனக்கு ஆத்திரம் வரும். காட்டில் இருக்கிற சிறுத்தைப் பல்லிக்கு இந்த நிறமும் கிடையாது, இந்தச் சுற்றலும் கிடையாது. 2000-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வளர்ப்பவர்களிடம் எனிக்மா தலைகாட்டியது. மற்றக் குஞ்சுகள் பட்டையோடு பொரிக்க, இது திட்டுத் திட்டாகப் பொரித்தது. புதுமை என்றால் விலை. விலை வந்ததும் மற்ற நிறவகைகளோடு மாற்றி மாற்றிச் சேர்த்துப் பெருக்கினார்கள். குஞ்சுகள் சுற்றத் தொடங்கியது தெரிந்த பிறகும் பெருக்கினார்கள். நல்ல வம்சத்தோடு கலந்து எடுத்தால் கோளாறு கழிந்துவிடும், நிறம் மட்டும் மிஞ்சும் என்று பலர் வருடக்கணக்கில் முயன்றார்கள். கழியவில்லை. பெற்றோரில் ஒன்றுக்கு அந்த அலகு ஒரு பிரதி இருந்தாலே குஞ்சுகளில் சராசரியாகப் பாதிக்கு அது போகும். போன குஞ்சு ஒன்று நன்றாக இருப்பது போலத் தெரியும், வீடு மாறியதும் அல்லது முட்டையிட்டதும் சுற்றத் தொடங்கும். "என் வம்சத்தில் பிரச்சினை இல்லை" என்று விற்பவர் சொல்வது எத்தனை காசு பெறும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

எனிக்மா மட்டுமில்லை. ஸ்பைடர் என்கிற வகை மலைப்பாம்புகள் தலை ஆடிக்கொண்டே வாழ்கின்றன. அழகான வலைக்கோடு என்று வாங்குகிறார்கள். 2022-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நுண் சீ.டி. படம் எடுத்துப் பார்த்தபோது உட்செவியில் சமநிலைக்கான அரைவட்டக் கால்வாய்களே உருக்குலைந்திருந்தன. லெமன் ஃபுரொஸ்ட் என்று இன்னொரு சிறுத்தைப் பல்லி வகை, பார்க்க எலுமிச்சையில் பனி படிந்தது போல இருக்கும். அந்த நிறத்தைக் கொடுக்கிற கலங்களே கட்டியாக வளர்ந்து, பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றுக்குப் புற்று வந்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் ஸ்பின்ட்1 என்கிற பரம்பரையலகோடு அதைத் தொடர்புபடுத்தி 2021-இல் வெளியிட்டார்கள். நிறத்தையும் நோயையும் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே மாற்றத்தின் இரண்டு முகம். இதை என் மாணவர்களுக்குப் பாடத்தில் சொல்கிறேன், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும்.

இந்தப் பக்கத்து வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஹோர்ட்டன் சமவெளியிலும் நக்கிள்ஸ் மலையிலும் மூக்கில் கொம்பு வைத்த ஓணான்கள் இருக்கின்றன, அந்த இனங்கள் உலகில் வேறெங்கும் கிடையாது. அவற்றை ஐரோப்பியச் சந்தைக்காகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பதால்தான் 2019-இல் ஜெனீவாவில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மாநாட்டில் இலங்கை அவற்றை வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வைத்தது. மலையகத்து ஓணானைத் திருடிக்கொண்டு போகிற அதே உலகத்தில், பாலைநிலத்துப் பல்லிக்கு ஹட்டன் பையன் ஒருவன் லெஸ்டரில் சில்வண்டு ஊட்டுகிறான். ஊரில் யாராவது தங்கள் பிள்ளைக்கு இப்படி ஒன்று கொழும்பிலிருந்து வாங்கலாமா என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: இங்கே அனுமதி இல்லாமல் இவற்றைக் கொண்டுவர முடியாது, மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மீட்பகத்திலிருந்து எடுப்பதிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கடையில் "பாவம், யாரும் வாங்கவில்லை" என்று காசு கொடுத்து எடுப்பது விற்றவனுக்குத்தான் லாபம், அதில் இரண்டு பேச்சில்லை. மீட்பகம் வேறு. அங்கே போகிற காசு வளர்த்தவனுக்குப் போவதில்லை. ஆனாலும் சலித்துப்போனவன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக ஒரு வாசல் திறந்திருக்கிறதே? தம்பியிடம் கேட்டேன். "அப்ப இவங்கள என்ன செய்றது?" என்று திருப்பிக் கேட்டான். பதில் இல்லை. பிறந்துவிட்டது, பசிக்கிறது. அந்த இடத்தில் வாதம் எல்லாம் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

கூமுட்டையா, கருமுட்டையா

சொக்கி முட்டையிடுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மீட்பகத்துக்கு வருவதற்கு முன் அவள் ஒரு ஆணோடு இருந்திருக்கிறாள். பெண் பல்லி விந்தைப் பல மாதம் உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு நாள் காலை ஈரப்பாசி வைத்த டப்பாவுக்குள் இரண்டு முட்டை. இந்த இனம் ஒரு ஈற்றுக்கு இரண்டுதான் இடும். கோழி முட்டை போல ஓடு கெட்டியாக இல்லை, தோல் மாதிரி, லேசாகப் பள்ளம் விழும். தம்பி படம் அனுப்பியபோது அம்மா கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு போனை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே அழைப்பு எடுக்கச் சொன்னார்.

"டோர்ச் அடிச்சுப் பாருடா. கூமுட்டையா இருக்கும், நோஞ்சான்தானே."

அம்மாவுக்கு முட்டை பார்ப்பது கை வந்த கலை. அடை வைத்த முட்டையை இருட்டில் டோர்ச்சுக்கு மேல் வைத்து, நரம்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்து, ஓடாததை எடுத்துவிடுவார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த காலத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்களும் அம்மாவிடம்தான் கொண்டுவருவார்கள். தம்பி முட்டையைத் திருப்பாமல், கிடந்தபடியே போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தான். வெள்ளைத் தோலுக்குள் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். அதிலிருந்து தலைமயிர் போல மெல்லிய கோடுகள். இரண்டிலும்.

"கரு கூடிருச்சு!" அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார், முகம் முழுக்கச் சிரிப்பு. "சொக்கி லேசுப்பட்டவ இல்ல பாத்தியா."

தம்பி அந்தப் பக்கம் பேசாமல் இருந்தான். அவன் மீட்பகத்தில் கையெழுத்துப் போட்ட தாளில், குஞ்சு பெருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. முட்டை விஷயத்தை ஏற்கெனவே அவர்களிடம் சொல்லிவிட்டான். கரு வளர்வதற்கு முன்பே உறைபெட்டியில் வைத்துவிடும்படி சொல்லியிருந்தார்கள். அதுதான் வழமை, அதுதான் சரியும்கூட, நானே அவனிடம் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவன் அம்மாவிடம் அதைச் சொன்னான். நான் உடனே துணைக்கு வந்தேன், டீச்சர் குரலில். பாதிக் குஞ்சு சொக்கி மாதிரியே பிறக்கும்மா, இரை பிடிக்கத் தெரியாது, சுற்றிச் சுற்றியே சாகும், அப்படி ஒன்று பிறக்காமல் இருப்பதுதான் அதற்கு நல்லது.

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் என்னிடம், தம்பியிடம் இல்லை, கேட்டார்: "அதுக்கு நல்லதுன்னு யாரு சொன்னா?"

நான் மறுபடியும் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன்.

"எங்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னாங்க. ஒனக்கு நல்லது, புள்ளைகளுக்கு நல்லதுன்னு."

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்தான். ஏன் இரண்டு பேரோடு நின்றது என்று நாங்கள் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. அன்று சொன்னார், பெரிய கதையாக இல்லை, கோழிக்கூடு கழுவிய தண்ணீர் காயாத கையோடு. தம்பி பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரியில், எல்.ஆர்.டி. செய்தார்கள், இனிப் பிள்ளை பிறக்காமல் கருக்குழாயை வெட்டிக் கட்டுகிற சத்திரசிகிச்சை. அந்த வாட்டில் அன்று இருந்த தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் செய்தார்கள். தாளில் பெயர் எழுத வைத்தார்கள். கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டேன். "எங்கிட்ட கேட்டாங்க. கேக்குற மாதிரி கேட்டாங்க" என்றார்.

மலையகத்தில் இது எல்லா வீட்டிலும் இருக்கிற, எந்த வீட்டிலும் பேசாத விஷயம். எண்பதுகளில் இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டப்புறத்தில் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் பங்கு நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாக இருந்ததைக் கணக்கெடுப்புகளே காட்டின. சிலர் விரும்பியே செய்துகொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடையும் வயிற்றுப் பிள்ளையுமாக மலை ஏறியவளுக்குப் போதும் என்று தோன்றுவதில் ஆச்சரியம் என்ன? ஆனால் விரும்பியவளையும் கேட்கிற மாதிரி கேட்கப்பட்டவளையும் ஒரே பதிவேட்டில்தான் எழுதினார்கள்.

தம்பி அன்று இரவு முட்டைகளை உறைபெட்டியில் வைத்தான். அம்மா அதன் பிறகு கொஞ்ச நாள் பல்லிகளைக் காட்டச் சொல்லவில்லை. அவனோடு சாப்பிட்டாயா, குளிரா என்று பேசுவார், சொக்கி பேச்சு வராது. எனக்கும் அவருக்கும் இடையில்தான் அது நடந்துகொண்டிருந்தது, தேத்தண்ணி ஊற்றும்போது, உடுப்பு மடிக்கும்போது. மனுசியையும் பல்லியையும் ஒன்றாகப் பேசாதீர்கள் என்று ஒரு தடவை சொன்னேன். "நீதான் ஒண்ணாப் பேசுற" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். குறையோடு பிறப்பது பிறக்காமலிருப்பதைவிட மோசம் என்கிற வாக்கியத்துக்குள் பல்லி மட்டும் அடங்குவதில்லை. அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு எந்தத் தோட்டத்துக்கும், எந்த வாட்டுக்கும் போகலாம். போனார்கள்.

இருந்தாலும் முட்டை உறைபெட்டிக்குப் போனது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன், காரணம்தான் வேறு. சொக்கியின் வாழ்க்கை வாழத் தகாதது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? தின்கிறாள், சூட்டுப் பாயில் வயிற்றை அழுத்திக்கொண்டு தூங்குகிறாள், தம்பியின் கை வந்தால் தலையைத் தூக்குகிறாள். அவளுக்கு வலிக்கிறதா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். அவள் பிறப்பை ஒருவன் திட்டமிட்டான், ஒரு நிறத்துக்காக, ஒரு விலைக்காக, அவள் சுற்றுவாள் என்று தெரிந்தே. முட்டையைப் பொரிக்க விடாமல் நிறுத்தும்போது நிறுத்தப்படுவது அவனுடைய திட்டம். அம்மாவுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு: பெறுகிறவளின் விருப்பத்தில் மற்றவர்கள் கை வைத்தார்கள். இங்கே சொக்கியின் விருப்பம் என்று ஒன்று முதலிலேயே யாருடைய கணக்கிலும் இல்லை. அவளையும் அந்த ஆணையும் ஒரே பெட்டிக்குள் போட்டவனும் அவளைக் கேட்கவில்லை.

இதை அம்மாவிடம் சொன்னபோது முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. "அப்ப அத அவன்கிட்ட போய்ச் சொல்லு. முட்டைகிட்ட சொல்லாத" என்றார். இப்போது என் வகுப்பில் ஆட்சியான பரம்பரையலகு பாடத்துக்கு எனிக்மாவை எடுத்துக்கொள்ளும்போது சதுரம் போடுவதோடு நிற்பதில்லை, அந்தச் சதுரத்தை யார், எதற்காகப் போடுகிறார்கள் என்றும் கேட்க வைக்கிறேன். பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்.

போன மாதம் மீட்பகத்திலிருந்து தம்பிக்கு மறுபடியும் அழைப்பு. இன்னொரு எனிக்மா, சொக்கியைவிட மோசமாகச் சுற்றுகிறதாம், பழக்கப்பட்ட கை வேண்டுமாம். மின்கட்டணம் ஏறிக்கிடக்கிறது, மூன்றாவது பெட்டி வைக்க மேசையில் இடமில்லை, எடுக்கவா வேண்டாமா என்று குடும்பக் குழுவில் கேட்டிருந்தான். நான் நீளமாக ஒரு பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மாவின் குரல் பதிவு வந்துவிட்டது.

"ஆணா பொண்ணா, அத மொதல்ல கேளு. ஆணுன்னா எடுத்துக்க, வேற பெட்டியில வையி. இன்னொரு தடவ முட்டையக் காட்டிட்டு எங்கிட்ட வராத."

ஆண்தான். அலுமாரியின் மேல்தட்டை ஒதுக்கியிருக்கிறான். அம்மா இன்னும் பெயர் சொல்லவில்லை, ஆளைப் பார்க்க வேண்டுமாம்.